மலைக்குப் போன கரண்டுப் பெட்டி

அனுப்புநர்
மு. சுருளியாண்டி (வயது 62),
நியாயவிலைக் கடை விற்பனையாளர் (ஓய்வு),
3/41, கிழக்குத் தெரு, சங்கிலித்தோப்பு,
காமயகவுண்டன்பட்டி வழி, தேனி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தேனி.

பொருள்: 21.1.2025 அன்று முன்னறிவிப்பின்றி மின்சாரம் நிறுத்தப்பட்டதில் என் மனைவி நாகஜோதி இறந்தது – அது குறித்த என் மனுவுக்கு வந்த பதிலில் என் மகள் யுவராணி மீது எழுதப்பட்டுள்ள ஒரு வாக்கியத்தை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. சங்கிலித்தோப்பு மின் பிரிவு அலுவலகத்துக்கு நான் அளித்த மனு, நாள் 3.2.2025.
2. மேற்படி அலுவலகத்தின் பதில் கடிதம், நாள் 3.3.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் முப்பத்தோரு ஆண்டுகள் நியாயவிலைக் கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துப் போட்டவன். என் மீது மனு எழுதியவர்கள் உண்டு. மேலதிகாரிகள் கேட்டு அந்த மனுக்களுக்கு நான் விளக்கம் எழுதிக் கொடுத்ததும் உண்டு. ஆகவே ஒரு மனுவை எத்தனை பக்கம் வரை படிப்பார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். இதைச் சுருக்கி எழுத மூன்று முறை முயன்றேன், முடியவில்லை. இது நான்காவது படி. தயவுசெய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறேன்.

2. என் மனைவி நாகஜோதி பத்தொன்பது ஆண்டுகள் நூற்பாலை வேலைக்கு வேனில் போய் வந்தவர். 2022-இல் அவருடைய நுரையீரல் தழும்பேறிச் சுருங்கிவிட்டதாக மருத்துவர்கள் கூறினர். மறு ஆண்டு தை மாதம் முதல் வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்காக வாங்கிய இயந்திரத்தைக் கான்சன்ட்ரேட்டர் என்பார்கள். சுற்றியுள்ள காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். குழாய் இல்லாமல் என் மனைவியால் பத்து நிமிடம் தாங்க முடியும். அதற்கு மேல் உதடு கறுக்கத் தொடங்கும்.

குழாயின் நீளம் இருபத்தைந்து அடி. அந்த இருபத்தைந்து அடிக்குள் காய் நறுக்குவது, துணி மடிப்பது, வாசல் வரை வந்து தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசுவது எல்லாம் செய்துகொண்டார். கொல்லைப்பக்கத்து முருங்கை மரத்துக்கு மட்டும் குழாய் எட்டாது. எந்தக் கொப்பில் எந்தக் காய் என்று கதவருகே நின்று சொல்வார், நான் போய்ப் பறிப்பேன். நான் பறித்தது ஒரு நாளும் அவர் சொன்ன காயாக இருந்ததில்லை என்பார்.

3. மின்தடையை நாங்கள் அலட்சியமாக எடுத்துக்கொண்டதில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை வரை எங்கள் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படும். நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும். அதற்கு முதல் நாளே இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கம்பம் ஊரில் உள்ள என் மனைவியின் அக்கா கஸ்தூரியம்மாள் வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே வேறு லைன். இரண்டு ஆண்டுகளில் இருபத்து மூன்று முறை அப்படிப் போய் வந்திருக்கிறோம். ஒரு முறைகூடத் தவறவில்லை.

சொல்லாமல் வரும் மின்தடைக்கு இரண்டு ஏற்பாடுகள் வைத்திருந்தோம். ஒன்று, நாற்பத்தைந்து நிமிடம் வரும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டர். மற்றொன்று, என் மகள் வாங்கிய பேட்டரிப் பெட்டி. வீட்டில் இருந்த பழைய இன்வெர்ட்டரின் பேட்டரி செத்துப்போயிருந்தது. இந்தப் பெட்டி வந்த பிறகு அதை நான் மாற்றவில்லை. அது என் தவறு. என் பெயரில் அதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

4. மேற்படி பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் அதைப் பவர் ஸ்டேஷன் என்று சொல்லி விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பவர் ஸ்டேஷன் என்றால் லோயர் கேம்பில் இருக்கும் நீர்மின் நிலையம்தான். ஆகவே என் மனைவி அதற்குக் கரண்டுப் பெட்டி என்று பெயர் வைத்தார். எட்டுக் கிலோ எடை. வீட்டு மின்சாரத்திலும் சார்ஜ் ஏறும், மடக்கி விரிக்கும் சோலார் தகட்டிலும் ஏறும். எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை முகப்பில் சதவீதமாகக் காட்டும். வாங்கி வந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதில் கான்சன்ட்ரேட்டரை மாட்டி, கடிகாரம் பார்த்துச் சோதித்தாள். இரண்டு மணி ஐந்து நிமிடம் ஓடியது. கம்பத்துக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும் என்பதால் எங்களுக்கு அது தாராளம்.

என் மகள் யுவராணிக்கு வயது 28. தாவரவியல் படித்தவள். முறையான அனுமதியோடு மாணவர்களையும் வெளியூர்க்காரர்களையும் மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்லும் ஒரு குழுவில் நான்கு ஆண்டுகளாக வழிகாட்டி. அது அவளுடைய வேலை. மேலே முகாமில் வாக்கி டாக்கிக்கும் விளக்குக்கும் சார்ஜ் ஏற்றவே அவள் அந்தப் பெட்டியை வாங்கினாள். அம்மாவுக்கும் ஆகும் என்பதால், இருப்பதில் சிறியதை விட்டுவிட்டுப் பெரியதாக வாங்கினாள். மாதத்தில் நான்கைந்து நாள் பெட்டி அவளோடு மலைக்குப் போகும். மற்ற நாட்களில் கான்சன்ட்ரேட்டர் பக்கத்திலேயே இருக்கும். மலைக்குப் போகும் தேதியை மின்தடை அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒத்துக்கொள்வாள்.

5. 18.1.2025 நாளிதழில், சங்கிலித்தோப்பு துணை மின் நிலையத்தில் 23.1.2025 வியாழக்கிழமை மின்தடை என்று அறிவிப்பு வந்தது. வெட்டியெடுத்து இணைத்துள்ளேன். அந்த வாரம் திங்களும் செவ்வாயும் மதுரைக் கல்லூரி மாணவிகள் பதினெட்டுப் பேரை யுவராணி மலைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. வியாழனுக்குள் வந்துவிடுவாள். ஆனாலும் திங்கட்கிழமை காலையில் பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வதாகச் சொன்னாள். வானம் மூட்டமாக இருக்கிறது, மரம் கிரம் விழுந்து லைன் போனால் என்ன செய்வது என்றாள்.

அப்போது அவள் வாயிலிருந்து இன்னொரு செய்தியும் வந்துவிட்டது. அந்த மாணவிகளில் ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா, மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் கருவியைக் கையோடு எடுத்து வருகிறாள், அதற்கு மின்சாரம் வேண்டும், அவளை மட்டும் வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள். அதைக் கேட்டு என் மனைவி சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "மூச்சுக்குச் சங்கடப்படுற பிள்ளையா? அதையும் கூட்டிக்கிட்டுப் போ ஆத்தா. பெட்டியைக் கொண்டு போ. வியாழக்கிழமைதான கரண்டு போகுது, பேப்பர்லயே போட்டிருக்காக. மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." யுவராணி அப்போதும் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். நான் நாளிதழை எடுத்து இன்னொரு முறை படித்துவிட்டு, வியாழக்கிழமைதான், கொண்டு போ என்றேன்.

பெட்டியை எடுத்துச் சென்றது யார் முடிவு என்பதை இந்தப் பத்தியிலிருந்து தாங்கள் அறியலாம்.

6. 21.1.2025 செவ்வாய்க்கிழமை காலை 9.05-க்கு மின்சாரம் நின்றது. கான்சன்ட்ரேட்டர் நீளமாக ஒருமுறை கத்திவிட்டு அடங்கியது. நான் சிலிண்டரை மாட்டினேன். 9.08-க்குப் பிரிவு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். வீட்டில் ஆக்சிஜன் நோயாளி இருக்கிறார், எப்போது வரும் என்று கேட்டேன். எடுத்தவர், "சின்ன வேலைதாண்ணே, அரை மணி நேரத்துல வந்துரும்" என்றார். சிலிண்டர் நாற்பத்தைந்து நிமிடம் வரும். மின்சாரம் முப்பது நிமிடத்தில் வரும். அந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்தேன். நாகஜோதி கட்டிலில் சாய்ந்தபடி, அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

9.35-க்கு மறுபடியும் அழைத்தேன். "இந்தா குடுத்துருவாகண்ணே" என்றார் அதே நபர். 9.40-க்கு சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. 108-ஐ அழைத்தேன். வண்டி வேறொரு நோயாளியை ஏற்றிச் சென்றிருக்கிறது, இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. எங்கள் ஊர் ஜீப்புகள் எல்லாம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே குமுளி வழியாகக் கேரளா போய்விடும். பத்து மணிக்கு ஊரில் ஒரு ஜீப் இருக்காது. தெருமுனையில் தங்கப்பாண்டி என்பவர் தம் லோடு ஆட்டோவில் திராட்சைப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். விவரம் சொன்னதும் பாதிப் பெட்டிகளை ரோட்டிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்.

9.53-க்குப் புறப்பட்டோம். மிச்சமிருந்த திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு மெத்தையை விரித்து, நாகஜோதியை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். சிலிண்டர் அதற்குள் தீர்ந்திருந்தது. ஆனாலும் குழாயை மூக்கிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

7. கம்பத்துக்கு எட்டுக் கிலோமீட்டர். வழியில் என் மனைவி இரண்டு முறை பேசினார். முதல் முறை, "அரை மணி நேரம்னுதான சொன்னாக" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகவே சொன்னார் என்று நினைக்கிறேன். இரண்டாம் முறை பேசும்போது குரல் எழவில்லை. குனிந்து காதை வாயருகே வைத்துக் கேட்டேன். "யுவாகிட்டச் சொல்லிராதீக. பிள்ளைகளைப் பத்திரமா எறக்கிட்டு வரட்டும்" என்றார். அதற்குப் பிறகு பேசவில்லை. கம்பம் எல்லையில் பெட்ரோல் பங்க்கைத் தாண்டும்போது அவர் கை என் சட்டையை விட்டுவிட்டது. மருத்துவமனையில் 10.25 என்று எழுதினார்கள்.

ஐயா, சிலிண்டர் நிறைய இருந்தபோதே, 9.08-க்கு, மாலை வரை மின்சாரம் வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்போதே வண்டி பிடித்திருப்பேன். 9.40-க்கெல்லாம் கஸ்தூரியம்மாள் வீட்டில் இருந்திருப்போம். தினமும் காலையில் எழுந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் சரியாகவே வருகிறது.

8. மூன்று மணிக்கு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முன்னறையில் கிடத்தியிருந்தோம். தெருப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். 4.20-க்கு மின்சாரம் வந்தது. கான்சன்ட்ரேட்டரின் சுவிட்சைக் காலையில் நான் அணைக்கவில்லை. அது தானாகக் கத்திவிட்டு ஓடத் தொடங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். குழாய் தரையில் கிடந்தது. அதிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதை அணைக்க என்னால் முடியவில்லை. கஸ்தூரியம்மாள் அணைத்தார்.

9. என் மனைவி கேட்டுக்கொண்டபடி யுவராணிக்கு நான் தகவல் சொல்லவில்லை. முகாமில் செல்போன் எடுக்காது. குழுவின் வாக்கி டாக்கியில் சொல்ல வழி இருந்தது, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பதினெட்டு மாணவிகளையும் கீழே இறக்கி, பேருந்தில் ஏற்றிவிட்டு, 5.30-க்கு அவள் எங்கள் தெருவுக்குள் வந்தாள். முதுகில் பை, கையில் அந்தப் பெட்டி. வாசலில் போட்டிருந்த பந்தலைப் பார்த்ததும் அங்கனயே நின்றுவிட்டாள். பிறகு உள்ளே வந்தவள், அம்மாவின் கால்மாட்டில் பெட்டியை வைத்து, அதன் பொத்தானை அழுத்தினாள். "அறுபத்தொண்ணு இருக்குப்பா" என்றாள். அறுபத்தொரு சதவீதம் மீதம் இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் ஓடியிருக்கும்.

10. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே, மின் பிரிவில் கம்பியாளராக வேலை செய்யும் முத்துராஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் பெயரைக் குறிப்பிட அவரிடமே அனுமதி கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது பின்வருமாறு. வியாழக்கிழமை பக்கத்து ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மின் இணைப்பு வேலை வந்துவிட்டதால், பராமரிப்பைச் செவ்வாய்க்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய தாளை அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நாளிதழுக்குக் கொடுக்கவில்லை. தொலைபேசி எடுத்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒன்பதே நாள் ஆன தற்காலிகப் பணியாளர். யார் கேட்டாலும் அரை மணி நேரம் என்று சொல்லும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முத்துராஜா அன்று காலை மின்கம்பத்தின் மேல் இருந்திருக்கிறார். "கம்பத்து மேல இருந்து பார்த்தேண்ணே, திராட்சை வண்டியில யாரையோ ஏத்திக்கிட்டுப் போறாகன்னு நெனச்சேன். அக்கான்னு தெரியாது" என்று சொல்லி அழுதார். அவருக்கு நான் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். அவர் மீதும், தொலைபேசி எடுத்தவர் மீதும் எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று இதன்மூலம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

11. 3.2.2025 அன்று பிரிவு அலுவலகத்துக்கு மனு கொடுத்தேன். இழப்பீடு கேட்கவில்லை. தேதியை மாற்றினால் மக்களுக்கு ஏன் சொல்லவில்லை, எங்களைப் போல இயந்திரம் வைத்திருக்கும் வீடுகளுக்கு இனியாவது சொல்வீர்களா என்று மட்டும் கேட்டேன். அதில் நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும் என்று நினைத்து, அன்றைய தினம் கரண்டுப் பெட்டி என் மகளிடம் மலையில் இருந்தது என்பதையும் நானே எழுதினேன். யாரும் கேட்காமல் எழுதினேன்.

7.3.2025 வெள்ளிக்கிழமை பதில் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. நான் பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போயிருந்தேன். யுவராணி கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்திருக்கிறாள். அதன் நான்காம் பத்தியின் கடைசி வாக்கியத்தை அப்படியே தருகிறேன்:

"மேலும், மனுதாரரின் வீட்டில் மாற்று ஏற்பாடாக இருந்த மின்கலக் கருவியை மனுதாரரின் மகள் பொழுதுபோக்கு நிமித்தம் மலையேற்றத்திற்கு எடுத்துச் சென்றதே மேற்படி துயர சம்பவத்திற்குக் காரணம் எனத் தெரியவருகிறது."

12. நான் வீட்டுக்கு வந்தபோது கடிதம் மடித்து மேசை மேல் இருந்தது. யுவராணி சோறு வடித்து, குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறினாள். சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கை கழுவிவிட்டு வந்ததும், "அப்பா, நான் பொழுதுபோக்கவாப்பா போனேன்?" என்று கேட்டாள். இல்லை ஆத்தா என்றேன். "கவர்மென்ட்டு சீல் போட்டு எழுதியிருக்காகளேப்பா" என்றாள்.

மறுநாள் குழுவின் அலுவலகத்துக்குப் போய் அடையாள அட்டையையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு வந்தாள். இப்போது காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காய் அறுத்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறாள். பெட்டியை அம்மாவின் கட்டிலருகே வைத்து, எந்த நேரமும் நூறு சதவீதம் இருக்கும்படி சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பொத்தானை அழுத்திப் பார்க்கிறாள். மின்சாரம் போனால் அதில் ஒரு விளக்குக்கூடப் போட விடுவதில்லை. தீர்ந்துவிடும் என்கிறாள். யாருக்காக வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. நான் உரக்க இருமினாலும் அவள் எழுந்து அந்தக் கட்டிலருகே ஓடுகிறாள்.

நான் எத்தனையோ சொல்லிப் பார்த்துவிட்டேன். அம்மாதானே கொண்டு போகச் சொன்னாள் என்றேன். நானும்தானே சொன்னேன் என்றேன். கேட்டுக்கொள்கிறாள். ஆனால் அப்பா அப்படித்தான் சொல்வார் என்று நினைக்கிறாள். தாளில் எழுத்தில் வந்ததை என் வாய்வார்த்தையால் அழிக்க முடியவில்லை.

13. இந்த இடத்தில் தங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாக்கியத்தை எழுதியவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் என் மகளைப் பார்த்ததில்லை. கோப்பு முடிய வேண்டும், யார் மேலாவது காரணம் நிற்க வேண்டும் என்று எழுதியிருப்பார். 2009-இல் நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். பலவேசம் என்ற கைம்பெண் மூன்று மாதமாக அரிசி கிடைக்கவில்லை என்று மனு கொடுத்தார். கடையில் இருப்பு இல்லை என்பதே உண்மை. 'மனுதாரர் உரிய நேரத்தில் கடைக்கு வரவில்லை' என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதோடு கோப்பு முடிந்தது. அவர் மூன்று மாதமும் வரிசையில் நின்றதை நான் பார்த்திருந்தேன். அந்தத் தாளை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்கள், அதைக் கேட்டு அவர் வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று பதினாறு ஆண்டுகளாக எனக்குத் தோன்றவில்லை. இந்த மார்ச் ஏழாம் தேதிதான் தோன்றியது. அவர் வீட்டைத் தேடிப் போனேன். இறந்துவிட்டார் என்றார்கள்.

14. அந்த மலையேற்றத்துக்கு வந்த ஆஸ்துமா உள்ள மாணவியின் பெயர் ஜெபா. நடந்ததைக் கேள்விப்பட்டு அவர் எழுதிய கடிதத்தின் நகலை அவருடைய ஒப்புதலோடு இணைத்துள்ளேன். திங்கட்கிழமை மாலை முகாமில் பனி இறங்கியதும் அவருக்கு மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. யுவராணி அந்தப் பெட்டியில் கருவியை மாட்டி, இருமுறை மருந்து கொடுத்து, அரை மணி நேரம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஜீப் வரும் பாதைக்கு அங்கிருந்து மூன்று மணி நேர நடை. 'அக்கா அந்தப் பெட்டியை எடுத்து வராமல் இருந்திருந்தால் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேனா என்று தெரியாது' என்று எழுதியுள்ளார். இதைப் பொழுதுபோக்கு என்ற சொல்லில் அடக்க முடியுமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டுகிறேன். இந்தக் கடிதத்தை யுவராணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

15. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன்.

(அ) முத்துராஜாவின் கணக்குப்படி சங்கிலித்தோப்புப் பிரிவில் மட்டும் மூச்சு இயந்திரம் வைத்திருக்கும் வீடுகள் பதினொன்று. இப்போது பத்து. இவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி, மின்சாரத்தை நிறுத்தும் முன் தொலைபேசியில் சொல்ல உத்தரவிட வேண்டும். பத்து வீட்டுக்குப் பேசக் கால் மணி நேரம் ஆகும்.

(ஆ) எப்போது மின்சாரம் வரும் என்று கேட்பவர்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரியாது என்று சொல்லியிருந்தாலும் நான் புறப்பட்டிருப்பேன்.

(இ) பார்வை 2-இல் கண்ட கடிதத்தின் நான்காம் பத்தியின் கடைசி வாக்கியத்தை நீக்கி, திருத்திய பதில் வழங்க ஆணையிட வேண்டும். 21.1.2025 அன்று மின்தடை என்று முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை, அறிவிக்கப்பட்ட நாள் 23.1.2025 என்ற இரண்டு உண்மைகள் அதில் இருந்தால் போதும். வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை. அவளுக்குப் பேருக்குச் சொல்லும் வருத்தம் வேண்டாம், முத்திரையோடு ஓர் உண்மை வேண்டும்.

முதல் இரண்டு கோரிக்கைகளுக்கும் நேரம் ஆகலாம், காத்திருக்கிறேன். மூன்றாவதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். எனக்கு மனைவி போய்விட்டார். அந்த வீட்டில் இன்னும் ஒருத்தி இருக்கிறாள். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மனு கொடுப்பது அவளுக்குத் தெரியாது. பதில் வரும்போது அவளே கையெழுத்துப் போட்டு வாங்கட்டும். பகலில் நான் வெளியே எங்கேயாவது போய்விடுகிறேன். அவள் தனியாகப் பிரித்துப் படிக்கட்டும்.

இடம்: தேனி
நாள்: 24.3.2025

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மு. சுருளியாண்டி

இணைப்பு:
1. 18.1.2025 நாளிதழ் மின்தடை அறிவிப்பு.
2. பிரிவு அலுவலகத்தின் பதில் கடித நகல்.
3. செல்வி ஜெபா எழுதிய கடித நகல்.
4. பதிவுத் தபாலுக்கான தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. முகவரி எழுதியுள்ளேன்: செல்வி சு. யுவராணி, மலையேற்ற வழிகாட்டி, 3/41, கிழக்குத் தெரு, சங்கிலித்தோப்பு.